பேரப்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கும் முன் காலை அளவுங்கள்

ஆடி மாதம் பிறந்தால் எங்கள் பக்கம் இரண்டு காரியங்கள் தொடங்கிவிடும். ஒன்று கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று. மற்றது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இறங்குவது. மட்டக்களப்பில் வீடும் வளவும் மகளுக்குத்தான் என்பதால், மகள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் வந்து இறங்குவது அம்மப்பாவும் அம்மம்மாவும் இருக்கிற வளவில்தான். முதல் இரண்டு நாள் கோழி, ஆடு, கிணறு என்று பேரப்பிள்ளைகளுக்குப் பொழுது போய்விடும். மூன்றாம் நாள் கைத்தொலைபேசியோடு விறாந்தை மூலையில் குந்திவிடுவார்கள். அப்போதுதான் நமக்குச் சைக்கிள் ஞாபகம் வரும்.

இதுவரை நான் பேரப்பிள்ளைகளுக்கு ஐந்து சைக்கிள் வாங்கியிருக்கிறேன். முதல் இரண்டும் பிழையாக வாங்கியவை. முதன்முறையாக வாங்கப்போகிற அம்மப்பாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் அந்த இரண்டின் செலவாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடைக்குப் போகுமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளை விமானம் ஏறிய மறுநாள் அந்தச் சைக்கிள் என்ன ஆகும்? அவன் நாலு கிழமை ஓடுவான். மிச்ச நாற்பத்தெட்டுக் கிழமையும் அது நம் வீட்டில் நிற்கும். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் எந்த அளவு, எந்த நிறம், எவ்வளவு விலை என்பதெல்லாம் தானாகவே தெளிந்துவிடும்.

அளவு

சைக்கிள் கடையில் 12, 16, 20, 24, 26 அங்குலம் என்று சொல்வது சில்லின் விட்டத்தை. பிள்ளையின் உயரத்துக்கும் வயதுக்கும் அது நேர்க்கணக்கு அல்ல. மூன்று, நாலு வயதுக்கு 12, ஐந்தை ஒட்டி 16, ஆறிலிருந்து ஒன்பது வரை 20, அதற்குமேல் 24 என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகள் சிலவேளை வயதுக்கு மீறிய உயரம். என் பேரனை இரண்டு வருடம் கழித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பார்த்தபோது, அவனுடைய அண்ணன் என்று நினைத்து ஒரு கணம் யோசித்தேன். அவனுக்கு அண்ணனே இல்லை.

அதனால் பிள்ளை வருவதற்கு இரண்டு கிழமை முன்பே மகளிடம் வாட்ஸ்அப்பில் ஒரு வேலை சொல்லுங்கள். பிள்ளையை வெறுங்காலோடு சுவரில் முதுகு படும்படி நிறுத்த வேண்டும். ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, அதன் முதுகு மேலே இருக்கும்படி வைத்து, தொடை சேரும் இடம்வரை உயர்த்த வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து அனுப்பினால் போதும். ஏறத்தாழ 45 முதல் 55 வரை வந்தால் 16 அங்குலச் சைக்கிள், 55 முதல் 63 வரை 20 அங்குலம், அதற்கு மேல் 24. கடையில் ஏற்றிப் பார்க்கும்போது சீற்றை ஆகக் கீழே இறக்கி, பிள்ளையின் இரண்டு உள்ளங்கால்களும் நிலத்தில் முழுதாகப் பதிகின்றனவா என்று பாருங்கள். புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு இது கட்டாயம். ஓடத் தெரிந்த பிள்ளைக்கு முன்பாதம் பட்டால் போதும்.

நான் முதலில் செய்த பிழை இதில்தான். ஏழு வயதுப் பையனுக்கு, ‘வளர்ந்து வருவான்தானே’ என்று 24 அங்குலம் வாங்கினேன். பள்ளிக்கூடச் சட்டை தைப்பது போன்ற புத்தி. கீழ்மடிப்பு விட்டுத் தைத்தால் சட்டை விழுத்தாது, சைக்கிள் விழுத்தும். அவன் நுனிக்காலில் நின்றான், கதியால் வேலியோடு இரண்டு தரம் சாய்ந்தான், பிறகு அந்த விடுமுறை முழுக்க அதைத் தொடவில்லை. எங்கள் காலத்தில் அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக வளைத்து ஓடிப் பழகினோம்தான். நமக்கு வேறு சைக்கிள் இருக்கவில்லை, அதனால் பழகினோம். அவனுக்கு வேறு விளையாட்டு ஆயிரம் இருக்கிறது.

அடுத்த வீட்டுப் பேரப்பிள்ளை

இதைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. இரண்டாவது சைக்கிள் வாங்கிய வருடம், ஜெர்மனியிலிருந்து வந்த பேரனுக்குப் பளபளவென்று சிவப்பில் ஒன்று எடுத்து, கோவிலடிக்குக் கொண்டுபோய், சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கி ஊரே பார்க்க ஓடவிட்டேன். என் மகனின் மகள் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறாள். தினமும் பின்னேரம் எனக்கு வெற்றிலை இடித்துத் தருகிறவள். அன்றைக்கும் வந்தாள், வெற்றிலை இடித்தாள். உரலுக்குள் உலக்கை விழுந்த சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு சொல் பேசவில்லை.

என் மனைவி அன்றிரவு சொன்னாள்: “வருகிறவனுக்கு விருந்து வைக்கலாம். இருக்கிறவளைப் பட்டினி போடலாமா?”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு வாங்குவதானால், ஊரிலிருக்கிற பிள்ளைக்கும் அதே வருடம் ஒன்று. கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், அந்த ஒன்றை ஊரிலிருக்கிற பிள்ளையின் அளவுக்கு ஏற்றதாக எடுங்கள். வந்தவன் நாலு கிழமை இரவலாக ஓடட்டும், பிறகு அது அவளுடையது. இதை முதல் நாளே இருவர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். வந்த பிள்ளைகள் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. அவர்களுடைய தாய்தான் முகத்தைச் சுளிப்பாள். அதைச் சமாளிக்கிற வழி உங்களுக்கே தெரியும்.

இன்னொரு சொல். மகள் அங்கிருந்து காசு அனுப்புகிறேன் என்பாள். வாங்காதீர்கள். மனைவியின் சீட்டுக் காசோ, பென்சன் காசோ, நெல் விற்ற காசோ, நம் கையிலிருந்து போனால்தான் அது அம்மப்பாவின் சைக்கிள். போதாதென்றால் சிறியதாக வாங்குவோம், அல்லது பாவித்த சைக்கிள் ஒன்றைத் திருத்தி நிறம் அடிப்போம். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது ஊரே சைக்கிளுக்கு மாறியது, விலையும் எங்கோ ஏறியது. அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தது பழையது ஒன்றுதான். பிள்ளைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கடையில்

பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒளித்து வைத்து ஆச்சரியப்படுத்த நினைத்தால் அளவு பிழைக்கும், நிறமும் பிழைக்கும். மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, கல்முனை எங்கும் கடைகள் இருக்கின்றன. வெயில் ஏறுமுன் காலையில் போவது நல்லது. கடைக்காரருக்கும் அந்நேரம் பொறுமை இருக்கும். லுமாலா போல நாட்டில் செய்வதும் இருக்கும், பெட்டியில் வந்து இறங்கிப் பூட்டி விற்பதும் இருக்கும். நான் பெயரைவிட, உதிரிப்பாகம் நம் சந்தியில் கிடைக்குமா என்பதைத்தான் பார்ப்பேன். அலங்கார டயர், வழக்கமில்லாத அளவில் டியூப் என்றால் அடுத்த வருடம் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டிவரும்.

கியர் வேண்டாம். எங்கள் ஊரில் ஏற்றம் என்று சொல்வதற்குப் பாலம் ஒன்றுதான் இருக்கிறது. உப்புக் காற்றும் மணலும் சேர்ந்தால் முதலில் பழுதாவது கியர்தான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மணல் ஒழுங்கைகள், மேற்கே படுவான்கரையில் கிரவல் வீதிகள். இரண்டுக்கும் கொஞ்சம் அகலமான டயர் நல்லது. செயினை மூடும் கவர் இருந்தால் இன்னும் நல்லது.

பூட்டித் தந்த சைக்கிளை அப்படியே வாங்கி வராதீர்கள். கடை வாசலிலேயே ஐந்து நிமிடம் செலவழியுங்கள். முன்சில்லை உங்கள் இரு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைத் திருப்பிப் பாருங்கள். சில்லு அசையாமல் ஹாண்டில் மட்டும் திரும்பினால் இறுக்கம் போதாது. சில்லைத் தூக்கிச் சுழற்றுங்கள், சுழலும்போது ஓரிடத்தில் மட்டும் பிரேக் கட்டையில் உரசினால் நெளிவு இருக்கிறது. சீற்றுத் தண்டில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி சீற்றை உயர்த்தக் கூடாது. பிறகு பிரேக். பிள்ளையின் கையால் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் கைக்கு இலேசாக இருப்பது ஆறு வயது விரலுக்கு எட்டாமல் இருக்கும், லீவரைக் கிட்ட வரும்படி முடுக்கித் தரச் சொல்லலாம்.

ரசீதை வாங்கி, பெடல் தண்டுக்குக் கீழே சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கத்தை அதன் பின்பக்கம் எழுதி வையுங்கள். களவு போனால் பொலிசில் சொல்ல அது ஒன்றுதான் அடையாளம். ஒரு கிழமை ஓடியபின் திரும்பவும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். புது பிரேக் கம்பி இழுபட்டுத் தளர்ந்திருக்கும், திருகாணிகளும் ஒருமுறை இறுகக் கேட்கும்.

தலைக்கவசத்தை மட்டும் மகளிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே சுலபமாகக் கிடைப்பது மோட்டார் சைக்கிளுக்கானது. சின்னப் பிள்ளையின் கழுத்துக்கு அது பாரம். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, நாடிக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு விரல். அதுதான் சரியான பொருத்தம்.

ஓடப் பழக்குதல்

இரண்டு பக்கமும் குட்டிச் சில்லு பூட்டிப் பழக்குவதை நான் விட்டுவிட்டேன். அது பெடல் மிதிக்கக் கற்றுத்தரும், சமநிலையைக் கற்றுத்தராது. கழற்றிய அன்று பிள்ளை முதலிலிருந்து தொடங்கும். அதைவிட இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். சீற்றை இறக்குங்கள். பிள்ளை நிலத்தை உதைத்து உதைத்துப் போகட்டும்.

பெடல் கழற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வலப்பக்கப் பெடல் வழமையான திருகாணி மாதிரி, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகத் திருப்பினால் கழலும். இடப்பக்கத்துக்கு மரை தலைகீழ். மணிக்கூட்டு முள் போகிற பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். இது தெரியாமல் நானும் என் மைத்துனரும் ஒரு முழுப் பின்னேரம் இடப்பக்கப் பெடலோடு மல்லுக்கட்டினோம். ஸ்பனருக்குக் குழாய் மாட்டி ஏறியும் நின்றோம். நாங்கள் அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். கடைசியில் சந்தியில் டயர் ஒட்டும் பையன் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மறுபக்கம் திருப்பினான்.

உதைத்துப் போகிற பிள்ளை முதலில் நடக்கும். அடுத்த நாள் ஓடும். பிறகு இரண்டு காலையும் தூக்கிவிட்டு ஐந்தாறு யார் தூரம் மிதக்கும். அந்த ஐந்தாறு யார் பத்துப் பதினைந்து ஆனதும் பெடலைத் திரும்பப் பூட்டலாம். சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடாதீர்கள், நம் வயதுக்கு அது ஆபத்து. பிடித்தே ஆக வேண்டுமென்றால் பிள்ளையின் தோளடியில் பிடியுங்கள். ஹாண்டிலைத் தொட்டால் சமநிலை நம்முடையதாகிவிடும், அதனுடையதாகாது.

இடம் முக்கியம். கல்லடிக் கடற்கரை அழகுதான், ஆனால் சில்லு புதையும், உப்பு செயினைத் தின்னும். கோவில் வெளி வீதி, பள்ளிக்கூட மைதானம் போன்ற இறுகிய தரை வேண்டும். ஓரளவு ஓடத் தெரிந்தபின் கல்லடிப் பழைய பாலத்துக்குக் கூட்டிப் போங்கள். 1924இல் கட்டி, அக்கால ஆளுநர் மனைவியின் பெயரில் லேடி மன்னிங் பாலம் என்று அழைத்தார்கள். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்தபின் கார், பஸ் எல்லாம் அதில் போகின்றன. பழைய பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, பாடும் மீனின் கதையை இரும்புத் தூணில் சாய்ந்துகொண்டு சொல்லலாம்.

வீதியில்

ஜெர்மனிப் பேரன் ஓடத் தெரிந்துதான் வந்தான். முதல் நாளே கடப்படியால் வெளிக்கிட்டவன் நேரே போய் எதிர் வீட்டு வைக்கோல் போரில் ஏறினான். விசாரித்தால், அவனுடைய ஊர்ச் சைக்கிளில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிரேக் பிடிக்குமாம். இங்கே பின்னுக்கு மிதித்தால் செயின் சும்மா சுழலும். கனடாவிலிருந்து வருகிற பிள்ளைக்கு இடக் கை முன்பிரேக் என்று பழக்கம். பிரித்தானியப் பிள்ளைக்கு வலக் கை. நம் கடையில் எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, எந்தக் கை எந்தச் சில்லைப் பிடிக்கிறது என்பதைப் பிள்ளையிடம் தொட்டுக் காட்டுங்கள். முன்பிரேக்கை மட்டும் சடாரென்று பிடித்தால் தலைக்குப்புற விழ நேரும்.

அடுத்தது பக்கம். நாம் இடப்பக்கம் போகிறோம். கனடா, பிரான்ஸ், சுவிஸ், நோர்வேப் பிள்ளைகள் வலப்பக்கம் போய்ப் பழகியவர்கள். சந்தியில் கிறுகும்போதுதான் மறந்துபோவார்கள். அம்மம்மா வாசலில் நின்று “சோற்றுக் கைப் பக்கம் கிறுகாதே” என்று கத்தினாள். கரண்டியால் சாப்பிடுகிற பிள்ளைக்குச் சோற்றுக் கை எது? கிறுகுவது என்றால் என்ன? அது ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் ‘திரும்பு’ என்றுதான் படித்திருக்கிறது. கடைசியில் இடக் கை மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, “நூல் இருக்கிற கைப் பக்கமாகவே போ” என்றோம். அது பலித்தது.

ஆடி, ஆவணியில் சிறுபோக அறுவடை நடக்கும். படுவான்கரை வீதிகளில் நெல் காயப் போட்டிருக்கும், வைக்கோல் சிதறிக் கிடக்கும். நெல்லின் மேல் சைக்கிள் சறுக்கும், வைக்கோல் செயினில் சுற்றிக்கொள்ளும். மாலையில் மாடுகள் தாரில் படுத்துவிடும். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கக் கூடாது, நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். காலை ஆறிலிருந்து எட்டு, பின்னேரம் நாலரைக்குப் பிறகு, இதுதான் நேரம். மத்தியானம் கச்சான் வீசும்போது பெரியவர்களே ஓடமாட்டார்கள். மாமாங்கேஸ்வரர் கோவில் தீர்த்தத் திருவிழாவை ஒட்டிய நாட்களில், கோவில் இருக்கிற அமிர்தகழிப் பக்கம் போகவே வேண்டாம். கல்முனை வீதி எந்த நாளிலும் வேண்டாம்.

அவுஸ்திரேலியாவிலிருந்து மார்கழியில் வருகிறவர்களுக்கு வேறு கதை. மாரி வெள்ளத்தில் ஒழுங்கையும் வடிகானும் ஒரே மட்டமாகத் தெரியும். வெள்ளம் வற்றும்வரை வளவுக்குள் மட்டும்.

காற்றுப் போனால்

போகும். நெருஞ்சி முள் இருக்கிற ஊரில் இது ஒரு கிழமைக்குள் நடக்கும். காற்றுப் போன சைக்கிளில் ஏறி ஓடினால் டியூப் கிழியும், ரிம்மும் நெளியும், உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். வாங்கும்போதே வால்வைப் பார்த்து அதற்கேற்ற பம்ப்பையும் வாங்கி வையுங்கள். மோட்டார் வாகன வால்வு போன்றதும் உண்டு, பழைய முறையில் உள்ளே இறப்பர் குழாய் போட்டதும் உண்டு. ஒன்றின் பம்ப் மற்றதற்குப் பொருந்தாது.

சந்திக் கடைக்கு அனுப்பாமல் முதல் ஒட்டை வீட்டில் போடுங்கள். டியூப்பை வெளியே எடுத்து, காற்றடித்து, பேசின் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்க வேண்டும். ஓரிடத்தில் குமிழி மணிமணியாகக் கிளம்பும். அதைக் கண்டுபிடிக்கிற வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். எங்கள் பேத்தி விரலால் ஓட்டையை மூடுவாள், திறப்பாள், மூடுவாள். பேசினுக்குள் தலை போகிற அளவுக்குக் குனிந்து கிடந்தாள். தொலைபேசி எங்கே என்று அன்று அவள் கேட்கவில்லை. ஈரம் துடைத்து, உரசி, சொலுசன் பூசி, அது காய்ந்து மங்கும்வரை பொறுத்து, பிறகு துண்டை ஒட்டுங்கள். பொறுக்காமல் ஒட்டினால் மறுநாளும் பேசின்தான். டயரைத் திரும்பப் போடுமுன் உள்பக்கம் விரலை மெல்ல ஓட்டிப் பார்க்க மறக்க வேண்டாம். முள் அங்கேயே இருக்கும்.

அவர்கள் போனபின்

சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து ஒரு நாள் நிழலில் உலரவிடுங்கள். செயினுக்குத் தையல் மெசின் எண்ணெய் சில சொட்டு விட்டு, பழந்துணியால் மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது பிசினாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊர்ப் பிள்ளைக்கு என்று முன்பே பேசியிருந்தால் அன்றே கொடுத்துவிடுங்கள். ஓடுகிற சைக்கிள் நிற்கிற சைக்கிளைவிட மெதுவாகத்தான் துருப்பிடிக்கிறது. கொடுக்க ஆள் இல்லையென்றால் கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கவிடலாம். டயர் தரையில் அழுந்தி நின்றால் அந்த இடம் வெடிக்கும். மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்க வேண்டும்.

கொடுக்குமுன் எங்கள் வீட்டில் ஒரு வேலை செய்வோம். விமானத்துக்குப் போகிற அன்று காலை, பிள்ளையைக் கடைசியாக ஒருமுறை ஏற்றி, அதன் காலுக்குச் சரியாக இருக்கும் உயரத்தில் சீற்றுத் தண்டில் ஒரு கோடு போட்டுவிடுவோம். இடையில் எந்தப் பிள்ளை சீற்றை ஏற்றினாலும் இறக்கினாலும் கோடு அங்கேயே இருக்கும். சிவப்புச் சைக்கிளில் இப்போது மூன்று கோடுகள் இருக்கின்றன. நகப்பூச்சால்தான் போட வேண்டும். முதல் வருடம் நான் வெற்றிலைச் சுண்ணாம்பால் போட்டேன், ஐப்பசி மழைக்கே போய்விட்டது.